ஆட்டிறைச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவர் எதற்கு?

இறைச்சிப் பரிசோதனை என்பது இரண்டு பார்வை. அறுப்பதற்கு முன் ஆடு நடப்பதையும் மூச்சுவிடுவதையும் பார்ப்பது ஒன்று, அறுத்த பின் உள்ளுறுப்புகளைப் பார்ப்பது மற்றொன்று. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி, உடைத்ததும் முகர்ந்து பார்க்கிறோமே, அதே மாதிரிதான்.

ஒரு பார்வை போதாதா? போதாது. வெறிநோய் உயிரோடு இருக்கும்போது நடத்தையில்தான் தெரியும். அறுத்த கறியில் கண்ணுக்குத் தெரியாது. ஈரலில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் வெட்டிய பிறகுதான் தெரியும். ஈரலை விரலால் அழுத்தி, பித்தநாளத்தைக் கீறிப் பார்ப்பது கைப்பழக்கம். ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் பாடம் உண்டு என்றாலும், கூடத்தில் நின்று பழகினால்தான் கை தேறும்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? இந்தியாவின் 2001 இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. நாளுக்கு 500 ஆடு அறுபடும் கூடத்துக்கு ஆறு பேர் தேவை. ஒருவரை மட்டும் நிறுத்தினால் அது வெறும் முத்திரை குத்தும் வேலையாகிவிடும், இது உண்மையிலேயே கவலைக்குரியது.

முத்திரை இருந்தால் கிருமியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சால்மோனெல்லா போன்ற கிருமி எந்த மருத்துவர் கண்ணுக்கும் தெரியாது. கறியை நன்றாக வேகவைக்கத்தான் வேண்டும்.