பீடியில் புகையிலை குறைவு என்பதால் அது சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்ததா?

ஒரு பீடியைப் பிரித்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். உள்ளே இருப்பது ஒரு சிட்டிகைத் தூள்; சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவன் நான். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூலால் கட்டும் அம்மாவின் கைகளைப் பார்த்தே வளர்ந்ததால், இத்தனை கொஞ்சம் தூள் என்ன செய்துவிடும் என்று நானும் நினைத்ததுண்டு.

வினை அந்த இலையில் இருக்கிறது. சிகரெட் தாளில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று கலப்பதால் அது தானாகவே கனன்றுகொண்டிருக்கும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வரும் டெண்டு இலையோ எளிதில் எரியாது. பேச்சு சுவாரசியத்தில் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தால் பீடி அணைந்துவிடும், மறுபடி தீப்பெட்டியைத் தேட வேண்டும். ஆகவே அதைக் குடிப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கிறார், வடிகட்டியும் கிடையாது. தூள் குறைவாக இருந்தும் தார், நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு ஆகியவை சிகரெட்டுக்குக் குறையாமல், பல அளவீடுகளில் அதைவிடக் கூடுதலாகவே, உள்ளே போவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் புகைப்பழக்கத்தால் நேரும் இறப்புகளைப் பற்றி 2008இல் வெளியான பெரிய ஆய்வு, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் குடிக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் இழப்பதாகக் கணக்கிட்டது. இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, பீடியே மேல்’ என்று வாதிடுவோர் உண்டு. ஆயுளில் 6 ஆண்டு போவதை லாபக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிச் சென்னையின் மருத்துவர் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று கண்டது. புற்றுநோயை மட்டுமே எண்ணிப் பயப்படும் நம் ஊர்களில் இது போதிய அளவு பேசப்படவில்லை.

எண்களைவிட எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது பெரியப்பாவின் கால். நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்த அவருக்கு 41 வயதில் நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கத் தொடங்கியது. மூன்று மின்கம்பம் நடப்பார், நிற்பார். வலி விட்டதும் மீண்டும் நடப்பார். வாயு என்று தைலம் தேய்த்தோம். பெருவிரலில் ஆறாத புண் வந்து கறுத்த பிறகுதான், 1908இல் லியோ பர்கர் என்ற மருத்துவர் விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே வழங்கும் நோய் அது என்று தெரிந்தது. கை, கால்களின் இரத்தக் குழாய்கள் அழன்று, உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் இந்நோய் பெரும்பாலும் புகையிலையை விடாத இளவயது ஆண்களையே தாக்குகிறது. இதில் ‘குறைத்துக்கொண்டேன்’ என்பது செல்லாது; நாளுக்கு ஒன்றிரண்டு குடித்தாலும் நோய் அடங்காது. பெரியப்பா அப்படித்தான் நாலைந்தாகக் குறைத்துக்கொண்டு இரண்டு விரல்களை இழந்தார்.

உங்கள் வீட்டில் பீடி குடிப்பவர் யாரேனும் நடந்தால் கால் வலிக்கிறது, நின்றால் சரியாகிறது என்று சொன்னால், தைலத்தைத் தேடாமல் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பழக்கத்தை விட உதவி தேவைப்படுவோருக்கு அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெரியப்பா பீடியை அறவே விட்ட பின்னரே மீதிப் புண் ஆறியது. இப்போது டீக்கடை வரை, ஏழு கம்பம், நிற்காமல் நடக்கிறார்.