வாசகர் கேள்வி-பதில்: போர் நாவலில் சிப்பாய்

கேள்வி: முதல் உலகப் போரில், 1914-15இல் பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன். நாயகன் இரும்புத் தொப்பியோடு ஓடிப்போய், கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் பிடுங்கி வீசுவதாக எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: இரண்டுமே பிசகு. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். சிப்பாய் கையிலும் தலையிலும் என்ன இருந்தது என்பதை அதுதான் முடிவு செய்யும். இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது; மீரட் டிவிஷன் அடுத்த மாதம் வந்தது. 1915 முடிவதற்குள் இந்தியக் காலாட்படை மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) புறப்பட்டுவிட்டது. எஃகுத் தலைக்கவசம் பிரிட்டிஷ் படையில் பரவலாகக் கிடைத்ததோ 1916இல்தான். ஆகவே உங்கள் சீக்கியச் சிப்பாய்க்குத் தலைப்பாகை, கூர்க்காவுக்குத் துணித் தொப்பி, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்கிற ஊசி வைத்த கையெறி குண்டு, அதாவது மில்ஸ் குண்டும் 1915 நடுவில்தான் வரத் தொடங்கியது. அதன் ஊசிமுனை விரித்து மடக்கப்பட்டிருக்கும். பல்லால் இழுத்தால் பல்தான் போகும். அதற்கு முன் சிப்பாய்கள் தாங்களே குண்டு செய்தார்கள். காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தையும் ஆணி, இரும்புத் துண்டுகளையும் திணித்து, திரி செருகி, நெருப்பு வைத்து எறிவார்கள். மழையில் திரி நமுத்துப்போகும். நீளமாக விட்டால் எதிரி எடுத்துத் திருப்பி எறிவான். குட்டையாக வெட்டினால் கையிலேயே வெடிக்கும். திரி நனையாமல் ஒருவன் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள, இன்னொருவன் தீக்குச்சியோடு போராடுகிற அந்த அரை நிமிடத்தை எழுதுங்கள். ஓடிப்போய் வீசுவதைவிட அதில் உயிர் இருக்கிறது.

கேள்வி: பிரான்சின் நவ் சப்பேல் பகுதியில் ஆளுயரப் பதுங்குகுழி என்று எழுதலாமா?

பதில்: குளிர்காலம் என்றால் கூடாது. அந்தத் தாழ்நிலத்தில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் ஓரளவு தோண்டி, மீதி உயரத்துக்கு மண்மூட்டை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் உச்சியிலும் மூன்றடிக் கனமாவது இருக்க வேண்டும். ஒற்றை மூட்டையை ரவை துளைத்துவிடும். மழையில் மூட்டை சரியும், இரவில் மறுபடி அடுக்க வேண்டும். சிப்பாயின் இரவில் பெரும்பகுதி இந்த வேலைதான்: மூட்டை நிரப்புவது, முள்கம்பி கட்டுவது, தண்ணீர் இறைப்பது, ரேஷன் சுமப்பது. விடிவதற்கு முன்னும் அந்தி மங்கும்போதும் எல்லோரும் துப்பாக்கியோடு தயார்நிலையில் நிற்பார்கள், தாக்குதலுக்கு ஏற்ற நேரம் அது என்பதால். பகலில் தலை தூக்க முடியாது. கிடைத்த இடத்தில் தூக்கம்.

கால் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்காகக் குளிர்நீரில் நின்றால், அதிலும் காலில் துணிப்பட்டியை இறுக்கிச் சுற்றியிருந்தால், ரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துப்போகும். பிறகு வீங்கி நிறம் மாறும், முற்றினால் அழுகும். உறைபனியே தேவையில்லை. பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துத் தேய்த்து, உலர்ந்த காலுறை மாட்டுவதுதான் வழி. பூட்ஸைக் கழற்றினால் வீங்கிய கால் மறுபடி உள்ளே போகாதே என்று பயந்து கழற்றாமலே இருந்தவர்களுக்கு இன்னும் மோசமானது.

கேள்வி: "டுமீல் என்று சத்தம் கேட்டதும் சட்டென்று குனிந்தான்." இந்த வாக்கியத்தில் என்ன தவறு?

பதில்: ரவை சத்தத்தைவிட வேகமாக வரும். 340 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டால், வெடியொலி காதுக்கு வர ஒரு விநாடி. ரவை ஏறக்குறைய பாதி நேரத்தில் வந்துவிடும். முதலில் காதருகே சாட்டை சொடுக்கியதுபோல் "சடக்". அதன் பிறகே தூரத்தில் "டும்". சத்தத்தைக் கேட்டவன் அந்த ரவைக்குத் தப்பியவன். இரண்டு ஒலிக்கும் உள்ள இடைவெளியை வைத்து, சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பழகிய சிப்பாய் கணக்குப் போடுவான்.

கேள்வி: சிப்பாய் ஊருக்குக் கடிதத்தில் எல்லாவற்றையும் மனம்விட்டு எழுதலாமா?

பதில்: முடியாது. பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகளும் படித்தார்கள். அதனால் சிலர் சங்கேதம் வைத்துக்கொண்டார்கள்: கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.

கேள்வி: நாயகன் தமிழனாக இருக்கலாமா?

பதில்: பிரான்சில் அந்த ரெஜிமென்ட்களில் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், பதான்கள், டோக்ராக்கள், கட்வாலிகள், கூர்க்காக்கள் போன்றோரே நிறைந்திருந்தார்கள். 'போர்க்குடி' என்று பிரிட்டிஷார் வகுத்த கணக்கு அது. தமிழன்தான் வேண்டும் என்றால் களத்தை மாற்றுங்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவு இருந்தது. நெரிசலான கப்பலில் வாரக்கணக்கில் வாடி வந்தவர்களைப் போதிய ஓய்வின்றிப் புதர்க்காட்டுக்குள் அனுப்பினார்கள். சண்டை நடுவே கூடு கலைந்த தேனீக்கள் வேறு கொட்டின. தாக்குதல் தோற்று, படை மறுபடி கப்பலேறியது. பிரான்ஸை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள் என்பேன்.