வெள்ளெழுத்தும் வெங்காரமும் – கடிதம்

அன்புள்ள சார்,

மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன கோடை விடுமுறையில் நானும் ஒன்று செய்தேன். கால் வைத்த ஐசி, கால் வைத்த ரெசிஸ்டர், ஓட்டை போட்ட போர்டு. முதல் தடவையே பாடியது. அந்தத் தைரியத்தில் இந்த வருடம் அதே சர்க்யூட்டின் சர்ஃபேஸ் மவுண்ட் கிட் வாங்கினேன், ஓட்டைக்குள் கால் நுழைக்காமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்ற வைக்கும் வகை. பாகங்கள் கடுகு அளவுதான் இருக்கின்றன. எனக்கு வயது 52. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு ஆறு வருடம் ஆகிறது. கையும் லேசாக ஆடும். மூன்று கெபாசிட்டர்கள் ட்வீசரிலிருந்து தெறித்துக் காணாமல் போய்விட்டன. கிட்டில் உபரியாக இருந்த ஒன்றை ஓரிடத்தில் போட்டேன். சி5, சி6 இரண்டு இடங்களையும் காலியாக விட்டுவிட்டேன். பெரிய கெபாசிட்டர்கள்தான் இருக்கின்றனவே, இந்தப் பொடிசு என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. இப்போது பாட்டு கேட்கிறது, ஆனால் குரலில் ஒரு சொரசொரப்பு. ஐசி மேல் விரல் வைத்தால் பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

வீட்டில் அவர், "ஆயிரம் ரூபாய்க்குள் போனில் சொருகும் டாங்கிள் கிடைக்குதே" என்கிறார். கை பழகுமா? இந்த வயதில் இது வேண்டாத வேலையா? சர்ஃபேஸ் மவுண்டில் ஒலி உண்மையிலேயே மேலா?

ச.
இயற்பியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத நாலாவதுதான் அவசரம். அந்த ஐசி ஏன் சுடுகிறது?

உங்கள் கிட்டில் இருப்பது ஓபிஏ2134. சும்மா இருக்கும்போது அது எடுப்பது மொத்தம் 8 மில்லி ஆம்பியர் சுமார். 9 வோல்ட் பேட்டரியில் அது 72 மில்லிவாட். அந்தச் சூடு விரலுக்குத் தெரியவே கூடாது. பாட்டு வருகிறது என்பதால் ஐசியைத் திருப்பி வைக்கவில்லை என்பது நிச்சயம். திருப்பி வைத்திருந்தால் நாலாம் காலும் எட்டாம் காலும் இடம் மாறி, மின்சாரம் தலைகீழாக ஏறி, அது முதல் நாளே செத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போடவில்லை, வேலை சுத்தமாகவே இருக்கிறது. பிறகு அந்த இரண்டு காலி இடங்களைப் பார்த்தேன். ஒன்று எட்டாம் காலுக்குப் பக்கத்தில், இன்னொன்று நாலாம் காலுக்குப் பக்கத்தில். உங்கள் வில்லன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறான், அதாவது அங்கே இல்லாமல் இருக்கிறான்.

அந்தப் பொடிசுகள் 0.1 மைக்ரோஃபாரட். உங்கள் போர்டில் உள்ள 220 மைக்ரோஃபாரட் உருளைகளோடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தாலும், தாளிப்பு கருகும் நொடியில் உதவுவது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செம்புத் தண்ணீர்தான். கம்பியோ போர்டின் செம்புத் தடமோ, ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. நம் காதுக்குள் அடங்கும் அதிர்வெண்களில் அது ஒரு பொருட்டே இல்லை. மெகாஹெர்ட்ஸில் அது ஒரு கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும். ஐசி திடீரென்று கேட்கும் கரண்ட் தூரத்து உருளையிலிருந்து வந்து சேருவதற்குள் அதன் சப்ளை ஆடும், அந்த ஆட்டம் அவுட்புட்டில் கலக்கும், அது திரும்ப இன்புட்டுக்கு வரும். ஐசி தனக்குத் தானே மெகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருக்கும். நமக்கு அது கேட்காது. சூடும் சொரசொரப்பும்தான் மிச்சம்.

இதை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்காது. மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாத வீட்டில் நான் செய்வது, பழைய ரேடியோ ஒன்றை ஏஎம்மிலோ ஷார்ட் வேவிலோ வைத்து ஆம்ப்ளிஃபயருக்கு அருகே கொண்டுபோவது. பேட்டரியைச் சொருகும்போது ரேடியோவின் இரைச்சல் மாறினால் ஆள் பிடிபட்டான். மாறாவிட்டால் அவன் நிரபராதி என்று அர்த்தமில்லை.

இனி கைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவருக்கு எழுபதுக்கு மேல். காபி டம்ளரைத் தூக்கினால் பாதி கீழே சிந்தும். ஆனால் மூக்குத்திக்குப் பொடி வைத்து ஊதும்போது கை அசைந்து நான் பார்த்ததில்லை. அப்போது அது மாயம்போல இருந்தது. இப்போது யோசித்தால், முன்கை முழுவதும் பட்டறைப் பலகையில் படிந்திருக்கும், விரல் நுனி மட்டும்தான் வேலை செய்யும். காபி டம்ளருக்கு அந்த வசதி இல்லை. அவர் முதலில் தடவுவது வெங்காரம். பொடி உருகியதும் வெங்காரம் போன வழியில் தானே ஓடி இடுக்கில் புகுந்துகொள்ளும். பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் கரியடுப்பில் சூடேற்றிய பாத்திரத்தில் தூவும் நவச்சாரமும் இதே வேலைதான். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை விரட்டினால் ஈயம் தானே பரவும். நாம் கடையில் வாங்கும் ஃப்ளக்ஸ் அந்த வெங்காரத்தின் தம்பி.

உங்கள் படத்தில் எனக்கு ஒரே குறை, ஃப்ளக்ஸ் போதவில்லை. கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் கால் வைத்த பாகங்களுக்குப் போதும். இங்கே தனியாக வாங்கி, கஞ்சத்தனம் பார்க்காமல் தடவ வேண்டும். தடவினால் உங்கள் கையின் வேலையில் பாதியை உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசையே செய்துவிடும். இதை நீங்கள் எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருப்பீர்கள், இப்போது உங்களுக்காக அது உழைக்கட்டும். கொஞ்சம் கோணலாக வைத்த ஐசிகூட இருபுறமும் ஈயம் உருகினால் தானே நேராகிக்கொள்ளும்.

உங்கள் கெபாசிட்டர்கள் 0603, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு 0.8. பாகம் உட்காரும் இரண்டு செம்புத் திட்டுகளில் ஒன்றில் மட்டும் முதலில் துளி ஈயம் வையுங்கள். சால்டரிங் அயர்னால் அதை உருக்கிக்கொண்டே, பாகத்தைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி உள்ளே விடுங்கள். மேலிருந்து அழுத்த வேண்டாம். அயர்னை எடுத்து இரண்டு நொடி பொறுத்தபின் ட்வீசரை விடுங்கள். பிறகு மறுமுனையைப் பற்ற வையுங்கள். ட்வீசரை இறுக்கிப் பிடிப்பதால்தான் பாகம் தெறிக்கிறது. பயந்த கை இறுக்கும், பழகிய கை தளர்த்திப் பிடிக்கும். வித்தியாசம் அவ்வளவே. பற்ற வைக்கும் கம்பி 0.5 மில்லிமீட்டர், 63/37, அதாவது வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. அது 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும். காரீயம் கலக்காத கம்பி 217 டிகிரிக்கு மேல் போகும், பழகும்வரை அதைத் தொடாதீர்கள். காரீயக் கம்பியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இன்னொன்று, சின்ன வேலைக்கு ஊசி முனை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஊசி முனையில் சூடு தங்காது. சூடு போதாமல் நான் மேலும் மேலும் அழுத்தி, ஒரு போர்டின் செம்புத் திட்டையே பிய்த்தெடுத்தேன். சின்ன உளி மாதிரி தட்டை முனை வாங்குங்கள்.

கையைவிடக் கண்தான் பெரிய பிரச்சினை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கை நடுக்கம் குறைந்துவிட்டதுபோல் தோன்றும், காரணம் கண் பார்க்கும் அளவுக்குத்தான் விரல் நுணுக்கமாகும். தலையில் மாட்டும் உருப்பெருக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். மேசை மேல் வெள்ளைத் துண்டு விரியுங்கள், விழுந்தது துள்ளாது. சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் இதுதான் உண்மையான தியாகம், அதனால் நான் காலை ஆறு மணிக்கு, காபிக்கு முன்னால் உட்காருவேன். புகை முகத்துக்கு வராமல் இழுக்க ஒரு குட்டி ஃபேன் மட்டும் தள்ளி இருக்கட்டும்.

ஒலி மேலா? இல்லை. இந்தச் சர்க்யூட்டில் எந்தக் காதும் பிரித்தறியாது. சூ மோய் 1990களின் இறுதியில் வெளியிட்ட அந்த மிட்டாய் டப்பா வடிவத்தின் அழகே, யாரும் செய்யலாம் என்பதுதான். 2011இல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து வெளியிட்ட ஆளும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதியவர், அடுத்த வருடமே சத்தமில்லாமல் மறைந்துபோனார். அளவுக் கருவிகளை வைத்துத் துல்லியமாகச் சோதித்த அந்த மனிதர், கால் வைத்த பாகங்களையே தேர்ந்தெடுத்தார். பிறகு ஏன் இந்தப் பாடு? புதிய நல்ல ஐசிகள் பல கால் வைத்து வருவதே இல்லை. ஓபிஏ1622 மூன்றுக்கு மூன்று மில்லிமீட்டர் சதுரம், கால்களே கிடையாது, எல்லாத் திட்டுகளும் வயிற்றுக்கடியில். அதற்கு இப்போது ஆசைப்படாதீர்கள். உங்கள் ஐசியின் கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், பழைய ஐசியில் பாதி. அதுவே தொடங்குவதற்கு நல்ல இடம்.

டாங்கிள் விஷயத்தில் உங்கள் வீட்டு சார் சொல்வது சரி. 32 ஓம் இயர்ஃபோனுக்கு நல்ல டாங்கிள் தாராளமாகப் போதும், கிட்டுக்கும் அயர்னுக்கும் நீங்கள் செலவழித்ததில் இரண்டு வாங்கியிருக்கலாம். அவரிடம் ஒப்புக்கொண்டுவிடுங்கள். நாளைக்கு அதிக வோல்ட் கேட்கும் 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கினால் அவருடைய வாதம் கொஞ்சம் தளரும், ஆனால் அந்தச் செலவை அவரிடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்க மாட்டேன்.

வேண்டாத வேலையா என்று கேட்டீர்கள். உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால், சி5, சி6 என்று இடம் குறித்து எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

0.1 மைக்ரோஃபாரட், எக்ஸ்7ஆர், 0603 என்று கேட்டு ஒரு துண்டு டேப்பாக வாங்குங்கள். போட்ட பிறகு நல்ல ஹெட்ஃபோனைச் சொருகுவதற்கு முன்னால், மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, வால்யூமை முழுக்கக் குறைத்து, அவுட்புட்டில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் வந்தால் அது நேராக ஹெட்ஃபோன் சுருளுக்குள் போகும், உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். எப்படியானாலும் முதல் பாட்டைப் பழைய, போனால் போகிறது என்ற இயர்ஃபோனில் கேளுங்கள். ஐசியில் விரல் வைத்துப் பாருங்கள். இன்னும் சுட்டால் அந்த எண்களோடு எழுதுங்கள்.

தொலைந்த மூன்றையும் தேட வேண்டாம். கிடைத்தாலும் பயனில்லை. ரெசிஸ்டர் மேலாவது 103 என்று ஏதோ எழுதியிருக்கும், இந்தக் கெபாசிட்டர்கள் மேல் ஓர் எழுத்தும் கிடையாது. எது எந்த மதிப்பு என்று அவற்றுக்கே தெரியாது.

அன்புடன்