மறுகா என்று ஒரு பிள்ளை சொன்னால்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மட்டக்களப்பு ஆரையம்பதியில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு வாசித்தேன். சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். சியாட்டிலுக்கும் இங்கேயும் பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் நித்திரை வராமல் சாமத்தில் எழுதியது எனக்குப் பின்னேரத் தேத்தண்ணியோடு வந்து சேர்ந்தது.

நீங்கள் கேட்டது இதுதான். களுவாஞ்சிகுடியில் இருந்து அங்கே போய் ஏழு மாதம். பக்கத்து வீட்டு அம்மா, இந்த மாதக் கடைசியில் கவுண்டிக் கோட்டில் (நீதிமன்றத்தில்) ஒரு விழா இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டிருக்கிறா. துன்புறுத்தப்பட்ட, கவனிப்பார் இல்லாத பிள்ளைகளுக்காகக் கோட்டில் பேசுகிற தொண்டர்களைக் கௌரவிக்கிற விழா. அவவும் அதில் ஒரு ஆள். "அக்கா, பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போற ஆக்கள் இவங்கதானே? நான் மகனுக்குச் சத்தம் போடுறது அவவுக்குக் கேட்டிருக்கும். போகவா, ஏதும் சாட்டுச் சொல்லி நிக்கவா? சம்பளம் இல்லாத வேலைக்குக் கோடு ஏன் விழா வைக்குது?"

போங்க. மகனையும் கூட்டிக்கொண்டு போங்க.

உங்கள் பயம் நானும் பட்ட பயம்தான். 2008இல், நான் அமெரிக்கா போன முதல் குளிர்காலம், எங்கள் கதவையும் ஒரு சிறுவர் நல அதிகாரி தட்டினார். மூத்தவனுக்கு ஆறு வயது. உடுப்புத் தோய்க்கக் கீழ்த்தளத்துக்குப் போய்வந்த இருபது நிமிசத்துக்குள் அவன் எழும்பி, கதவடியில் நின்று குழறியிருக்கிறான். யாரோ போன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இங்கிலீசு அரைகுறை. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள், குரலைக் கேட்டால் தமிழ்நாட்டு ஆள். பிள்ளைக்கு அடிப்பீர்களா என்று கேட்டார். "அடிக்கிறல்ல, பேசுவன்" என்றேன். நமக்குப் பேசுவது என்றால் ஏசுவது. அவருக்குப் பேசுவது என்றால் கதைப்பது. அப்படியே இங்கிலீசில் சொன்னார், அதிகாரியும் தலையாட்டி எழுதிக்கொண்டார். அது எனக்கு வாய்ப்பாகப் போனது. அடுத்தது வினையாக வந்தது. "இவன அம்மம்மாவோட விட்டுட்டு வர மனமில்லாமத்தான் கூட்டி வந்தன்" என்றேன். எங்கே பிசகியதோ தெரியாது, பிள்ளையை விட்டுவிட்டுப் போக நினைத்தவள் என்று அது எழுத்தில் ஏறிவிட்டது. அதைக் கேட்பதற்கென்றே இரண்டாம் தரம் வந்தார்கள். மூன்றாம் கிழமைதான் ஒன்றும் இல்லையென்று கடிதம் வந்தது. அந்த மூன்று கிழமையும் மகனின் சப்பாத்துச் சோடியை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். சாமத்தில் வந்து கூட்டிப்போனால் பனியில் வெறுங்காலோடு போகக்கூடாது என்று.

அதனால் அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா செய்கிற வேலை வேறு.

பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறது மாநிலத்தின் சிறுவர் நலத் திணைக்களமும் பொலிசும். எடுத்தாலும் தங்கள் பாட்டில் வைத்துக்கொள்ள ஏலாது. வாஷிங்டன் மாநிலத்தில், சனி ஞாயிறும் விடுமுறையும் கழித்து, 72 மணித்தியாலத்துக்குள் கோட்டில் விசாரணை நடக்க வேண்டும். மறுகா தவணை தவணையாக மாதக்கணக்கில் போகும். அந்த அறையில் திணைக்களத்துக்கு ஒரு லோயர், தாய்க்கு ஒரு லோயர், தகப்பனுக்கு ஒரு லோயர். எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. யாரைப் பற்றிய வழக்கோ அந்தப் பிள்ளை அநேகமாக அந்த நேரம் எங்கேயோ ஒரு வகுப்பறையில் இருக்கும்.

இந்த ஏற்பாடு தொடங்கியதே நீங்கள் இருக்கிற சியாட்டிலில்தான். அந்த ஊர் அடங்கிய கிங் கவுண்டியில் டேவிட் சூகப் என்று ஒரு நீதிபதி இருந்தார். பிள்ளையைத் தாயிடம் விடுவதா, வேறு வீட்டில் வைப்பதா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போதுமானது தெரியாமல் சொல்லிவிட்டேனோ என்று வீட்டில் போய் யோசிக்கிற மனுசன். பிள்ளைக்காக மட்டும் விசயத்தைத் தேடிப் பார்த்து வந்து சொல்ல ஊர்ச்சனத்தில் இருந்தே ஆட்களைப் பழக்கினால் என்ன என்று நினைத்தார். நாலைந்து பேர் வந்தால் போதும் என்று ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அழைத்தாராம். ஐம்பது பேர் வந்து நின்றார்கள். 1977இல் வேலை தொடங்கியது. இன்று அநேகமாக எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட் என்பது முழுப் பெயர், முதலெழுத்துகளைக் கூட்டிக் காசா என்பார்கள்.

21 வயது கடந்திருக்க வேண்டும். பழைய குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். குறைந்தது 30 மணித்தியாலப் பயிற்சி, அதற்குப் பிறகும் வருசம் 12 மணித்தியாலம். நீதிபதி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். சமூக சேவை அலுவலரின் கையில் எத்தனையோ பிள்ளைகளின் கோப்பு இருக்கும். காசாத் தொண்டரின் கையில் ஒரு பிள்ளை, அல்லது ஒரே குடும்பத்துச் சகோதரங்கள். மாதம் ஒருதரமாவது பிள்ளையை நேரில் போய்ப் பார்ப்பது, ஆசிரியர், வைத்தியர், வளர்ப்பு வீட்டார், பெற்ற தாய் தகப்பன் எல்லாரோடும் கதைப்பது, கண்டதைக் கோட்டுக்கு எழுதிக் கொடுப்பது, இதுதான் வேலை. தன் வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிவர முடியாது, பெரிய சாமான் ஏதும் வாங்கிக் கொடுக்கவும் கூடாது. பிள்ளையைத் திருப்பித் தாயிடம் விடுங்கள் என்று எழுதுகிறவர்களும் இவர்கள்தான். அது சின்ன விசயமில்லை. கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வளர்ப்பு வீட்டில் இருந்தால், சில விதிவிலக்குத் தவிர, பெற்றோரின் உரிமையை முடித்துவைக்க மாநிலம் மனுப் போட வேண்டும் என்று 1997இல் வந்த சட்டம் சொல்கிறது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் தாய் குடியை விட்டாளா, வீடு எடுத்தாளா, பிள்ளை அவளைக் கண்டால் ஓடிப் போகிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று யாராவது கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும்.

நானும் ஆறு வருசமாக இதில் இருக்கிறேன். என் வழக்குகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், பெயரை மாற்றியும் சொல்லக்கூடாது. என் முதல் அறிக்கை திரும்பி வந்த கதையைச் சொல்லலாம். "பிள்ளை சந்தோசமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். எனக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "எதைக் கண்டு இப்படி எழுதினாய்?" என்று கேட்டிருந்தா. யோசித்துப் பார்த்தேன். நான் கண்டது வேறு. தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டது, இன்னும் வேணுமா என்று கேட்டபோது என்னைப் பார்க்காமல் அந்த வீட்டுக்காரியைப் பார்த்தது, பிறகு வேணாம் என்றது. அதை எழுதினேன். சந்தோசம் என்ற சொல்லை வெட்டிவிட்டேன்.

இனி விழாவுக்கு வருகிறேன். ஏப்ரல் அங்கே சிறுவர் துன்புறுத்தல் தடுப்பு மாதம். கட்டடத்துக்கு முன்னால் புல்லில் நீலக் காற்றாடிகள் குத்தியிருப்பார்கள், மகனுக்குப் பிடிக்கும். உள்ளே கோப்பி, கேக், புதிதாகச் சேர்கிறவர்கள் சத்தியம் செய்வது, ஒரு வருசம், ஐந்து வருசம், பத்து வருசம் என்று சான்றிதழ். பார்த்தால் நம் ஊர் வாசிகசாலைப் பரிசளிப்பு விழாவை விடவும் சிறிதாக இருக்கும். பொன்னாடை இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கியில் பட்டம் பதவி வாசிப்பதும் இல்லை.

சில வருசத்துக்கு முதல் எங்கள் கவுண்டியில் நடந்ததை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கிழவர். ஒரு பிள்ளையின் வழக்கில் தொடக்கத்தில் இருந்து முடியும்வரை நின்றவர். அந்தக் காலத்துக்குள் பிள்ளைக்கு வளர்ப்பு வீடு நாலு மாறியது, சமூக சேவை அலுவலர் ஐந்து பேர் மாறினார்கள். இது மட்டும்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவரை மேடைக்குக் கூப்பிட்ட நீதிபதி புகழ்ச்சியாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து அவர் பிள்ளையைப் பார்க்கப் போன திகதிகளை மட்டும் வாசித்தார். ஜனவரி ஒன்பது. பெப்ரவரி ஆறு. பெப்ரவரி இருபது. மார்ச் ஆறு. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரே குரலில். நாலு நிமிசத்துக்கு மேல் போனது. டிசம்பர் இருபத்துநாலு என்று வந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவ கைக்குட்டையை எடுத்தா. கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் நீதிபதி எழும்பினார், நாங்களும் எழும்பினோம்.

சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் விழா என்று கேட்டீர்கள் தானே. அந்தத் திகதிகளை வேறு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. பிள்ளையிடம் இருந்திருக்கும், அந்தப் பிள்ளை மேடைக்கு வர ஏலாது. அதனால்தான் கோடு வாசித்தது.

இதை எழுதும்போது படலைக்கு வெளியே அடுத்த வளவுப் பொடியன் சைக்கிள் றிம் ஒன்றை உருட்டுகிறான். ஒன்பது வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் வேறு கல்யாணம், பொடியன் அம்மம்மாவோடு. வருசப் பிறப்பன்று மருத்துநீர் வைத்துக் குளித்து, என் அம்மாவிடம் கைவிசேசக் காசு வாங்க வந்தான். "அம்மா எப்ப மனே வருவா?" என்று கேட்டேன். "மறுகா வருவா" என்றான். நம் மறுகா உங்களுக்குத் தெரியும். பிறகு என்றும் வரும், திரும்பவும் என்றும் வரும். அவன் சொன்ன மறுகா எது என்று அம்மாவுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. "அவள் தைக்கு வாறதெண்டு சொல்லி வரல்ல, அதுக்குப் பிறகு இவன் இப்பிடித்தான் சொல்றான்" என்று அம்மா குசினிக்குள் மெதுவாகச் சொன்னா. நல்ல வேளை, மட்டக்களப்பில் வீடு பெண்வழிக்குப் போகிறது, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் ஒரே வளவுக்குள் அல்லது வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு பிள்ளை சோறு தின்னாமல் படுத்தால் யாராவது ஒருத்திக்குத் தெரியவரும். அங்கே அந்த வளவு இல்லை. அந்த இடத்தில்தான் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா நிற்கிறா.

2005இல் கல்முனையில் நடந்தது ஞாபகம் இருக்கும். சுனாமியில் தப்பிய 81ஆம் இலக்கக் குழந்தை. யாருடைய பிள்ளை என்று கோடு வரைக்கும் போய், மரபணுப் பரிசோதனை செய்து, பெப்ரவரியில் பெற்றோரிடம் கொடுத்தார்கள். தாய் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பரிசோதனை இருக்கிறது. அந்த வீட்டுக்குள் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல அப்படி ஒன்றும் இல்லை, போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கேயும் அதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டுக்கு அறிக்கை கொடுக்கிற நன்னடத்தை அலுவலர், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு வருகிற அழைப்பை எடுக்கிறவர்கள். மோட்டார் சைக்கிளில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வரைக்கும் புழுதிக்குள்ளால் போய், ஒரு வீட்டில் பாயில் குந்தியிருந்து பிள்ளையோடு கதைத்துவிட்டு வருகிற ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும். அவவுக்குச் சம்பளம் இருக்கிறது, ஆனால் அவ போன திகதிகளை யாரும் எழும்பி நின்று வாசித்ததில்லை. நம் கோயில் திருவிழாவில் கோபுரத்துக்கு நிறப்பூச்சுக் கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்தட்டும், வேணாம் என்று சொல்ல மாட்டேன். அந்த மேடையில் அவவுக்கும் ஒரு கதிரை போட வேண்டும் என்று இந்த முறை பரிபாலன சபைக் காரியதரிசியிடம் கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார்.

சரி, நீங்கள் போகிற விசயம். கோட்டுக்குப் போவதென்று சாறி கட்ட வேண்டும் என்றில்லை, கட்டினாலும் வடிவுதான். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம், எந்தப் பிள்ளை, என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அவ சொல்ல முடியாது, கேட்டால் அவவுக்குச் சங்கடம். எத்தனை வருசமாகச் செய்கிறா என்று கேளுங்கள், அதற்குச் சந்தோசமாகப் பதில் சொல்வா. ஏதாவது கொண்டுபோக விருப்பம் என்றால் சான்றிதழ் வாங்கிய அன்று பின்னேரம் அவ வீட்டுக்கு ஒரு தட்டில் பயத்தம்பணியாரம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நீங்கள் சேரலாமா என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் கிரீன் கார்டோடுதான் சேர்ந்தேன். ஒவ்வொரு இடத்து விதியும் வேறு, விழாவிலேயே கேட்டுப் பாருங்கள். முதல் வருசம் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஊன்றட்டும், உங்கள் இங்கிலீசும் கொஞ்சம் ஏறட்டும். ஒரு பிள்ளையின் வழக்கைத் திடுதிப்பென்று எடுத்துவிட்டு இடையில் விடக்கூடாது.

இன்னுமொன்று. எங்கேயாவது, எப்போதாவது மொழிபெயர்ப்பாளரோடு கதைக்க வேண்டி வந்தால், பிள்ளைக்குப் பேசினேன் என்று சொல்லாதீர்கள். ஏசினேன் என்று சொல்லுங்கள். "விட்டுட்டு" என்று வாயில் வந்தால், எங்கே, யாரிடம், எத்தனை மணிக்குத் திரும்ப வந்தேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். இந்த மாதம் முடிய நான் அங்கே வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன், எடுங்கள்.