எஸ்கியூஎல் சர்வர்: வட்டை விழுங்கும் லாக் கோப்பும் வேறு சில கேள்விகளும்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடைக்கு இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு போதுமா?

ஒரு கடை, ஐந்தாறு கணினி என்றால் தாராளமாகப் போதும். 2022 பதிப்புவரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு. லாக் கோப்பு (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கோப்பு) அந்தக் கணக்கில் சேராது. பஃபருக்கு (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) ஏறக்குறைய 1.4 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும். அதற்காக 32 ஜிபி ரேம் வாங்குவது வீண். பில் படங்களை டேபிளுக்குள் திணிக்காதீர்கள். படம் ஃபோல்டரில், அதன் பாதை மட்டும் டேபிளில். ஏஜென்ட் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் பகுதி) கிடையாது, பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போடுங்கள். போட்டபின் வேறொரு கணினியில் ரிஸ்டோர் செய்து பாருங்கள்.

டெவலப்பர் பதிப்பும் இலவசம்தானே, அதையே கடையில் ஓட்டலாமா?

கூடாது. அந்த உரிமம் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே.

பட்டர்வொர்த் உதிரிபாகக் கடை. டேட்டா 6 ஜிபி, லாக் 90 ஜிபி. தினமும் பேக்கப் எடுக்கிறோம். வட்டு நிறைந்து 9002 (லாக் நிறைந்துவிட்டது) பிழை வருகிறது. எல்டிஎஃப் (லாக்) கோப்பை அழித்துவிடலாமா?

அழிக்கவே அழிக்காதீர்கள். சர்வரை நிறுத்திவிட்டு எல்டிஎஃப்பைத் தூக்கி எறிந்து, டேட்டாபேஸ் திறக்காமல் 'ரிகவரி பெண்டிங்' என்று நின்றபின் எனக்கு எழுதுகிறவர்கள் குறையவே மாட்டேன் என்கிறார்கள்! முடியாத பரிவர்த்தனைகளைச் சரிசெய்யும் விவரம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

உங்கள் டேட்டாபேஸ் 'ஃபுல்' ரிகவரி முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் முழு பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும். டேட்டாபேஸ்களின் பட்டியலான சிஸ்.டேட்டாபேசஸில் லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க் (log_reuse_wait_desc) என்ற பத்தியைப் பாருங்கள். 'லாக் பேக்கப்' என்று இருந்தால் காரணம் அதுவே. 'ஆக்டிவ் டிரான்சாக்ஷன்' என்றால் யாரோ முடிக்காமல் விட்ட வேலை. முதலில் அதை முடியுங்கள்.

லாக் பேக்கப்பை வேறு வட்டில் எடுங்கள். பிறகு லாக் கோப்பை மட்டும், ஒரே ஒரு முறை, ஷ்ரிங்க் செய்து (சுருக்கி) 2 ஜிபி அளவில் நிறுத்துங்கள். கோப்பு நிறையும்போது தானாக வளரும் அளவை 10 விழுக்காட்டிலிருந்து 512 எம்பி என்று மாற்றுங்கள். அடுத்து அரைமணிக்கு ஒரு லாக் பேக்கப். நேற்றிரவு பேக்கப்போடு திருப்தி என்றால், லாக் தானே காலியாகும் 'சிம்பிள்' ரிகவரிக்கு மாறலாம். பகல் விற்பனை போனால் போனதுதான். ஷ்ரிங்கை வாராந்திர வேலையாகப் போட்டுவைக்கும் 'நிபுணர்களை' என்ன சொல்வது? லாக் மறுபடி வளரும், டேட்டா கோப்பில், தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ் சிதறும். பேக்கப்பை ரிஸ்டோர் செய்து பார்த்தீர்களா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இராது.

"சிஸ்டம் ஸ்லோ. என்ன செய்யலாம்?"

எந்தப் பதிப்பு, எவ்வளவு ரேம், எந்த அறிக்கை? ஒன்றும் எழுதாமல் கேட்டால் சோழி உருட்டித்தான் சொல்ல வேண்டும். மேக்ஸ் சர்வர் மெமரியை (சர்வர் எடுக்கும் ரேமின் உச்சவரம்பு) அமைத்து விண்டோஸுக்கு 4 ஜிபி விட்டுவையுங்கள். மற்றவை, விவரம் வந்தபின்.

செந்தூல் அச்சகம். தமிழ்ப் பெயர்கள் ???? என்று சேமிக்கப்படுகின்றன.

பெயருக்கான பத்தி, யூனிகோடு எழுத்துக்கான என்வார்சார் (nvarchar) வகையாக இருக்க வேண்டும். கட்டளையில் பெயரைச் சுற்றும் மேற்கோளுக்கு முன் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்பா. நீளத்தையும் தாராளமாக வையுங்கள்: 'சுப்பிரமணியம்' கண்ணுக்கு எட்டு எழுத்து, சர்வருக்குப் பதின்மூன்று (புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் கணக்கு).

வீட்டிலிருந்து பார்க்க ரௌட்டரில் எஸ்கியூஎல் சர்வரின் 1433 போர்ட்டைத் திறக்கலாமா?

வேண்டாம். விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுங்கள். 'எஸ்ஏ' என்ற நிர்வாகி கணக்கையும் முடக்குங்கள்.

2014 பதிப்பு நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்டின் நீட்டித்த ஆதரவு 2024 ஜூலையிலேயே முடிந்தது. மாறும்போது பழைய சர்வரை உடனே அழித்துவிடாதீர்கள்: புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழையதில் ரிஸ்டோர் செய்ய முடியாது.