கவலையே தெரியாத முகம்

அன்புள்ள அக்கா,

என் அம்மா சமையலறையில் எப்போதும் முணுமுணுக்கும் பாட்டு ‘சின்னப் பெண்ணான போதிலே’. அது அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான டோரிஸ் டே பாடிய ‘கே சரா சரா’வின் (‘நடப்பது நடக்கும்’) மெட்டு என்று போன மாதம்தான் தெரிந்தது. ஜி. ராமநாதன் போன்ற இசை மேதை இப்படிச் செய்யலாமா? டோரிஸ் டே யார் என்று பார்க்க ‘பில்லோ டாக்’, ‘லவர் கம் பேக்’ இரண்டு படங்களையும் பார்த்தேன். கவலையே தெரியாத முகம். நடப்பது நடக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே வாழ்ந்துவிட்டுப் போயிருப்பார் போல. இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மாலதி

அன்புள்ள மாலதி,

மெட்டு விஷயத்தை விடுங்கள். 1957இல் அந்தப் பாட்டு உள்ள ‘ஆரவல்லி’ படம் வந்த நாட்களில் அது சகஜம். ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் பாடியபின் அது நம் பாட்டு. அம்மா பாடட்டும்.

‘கவலையே தெரியாத முகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் என் அத்தையின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். “அவளுக்கென்ன, சிரிச்ச முகம்” என்று ஊரே சொல்லும். பள்ளி ஆசிரியை. 30 வருஷம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமா கையில் கொடுத்தவள். மாமா இறந்து காரியம் முடிவதற்குள் கடன்காரர்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், வீடு அடமானத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். பெட்டிக்கு அடியில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. யாருக்கு எவ்வளவு கொடுத்தாள், எந்தத் தேதியில், டியூஷன் பணம் எத்தனை என்று பைசா சுத்தமாக, அவள் கையெழுத்தில். அந்த வருஷங்களில்தான் நாங்கள் கோடை விடுமுறைக்கு அங்கே போய் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டோரிஸுக்கும் இதேதான் நடந்தது. மூன்றாவது கணவர் மார்ட்டின் மெல்ச்சர் 1968இல் இறந்தார். அவரும் வக்கீல் ஜெரோம் ரோஸந்தாலும் சேர்ந்து டோரிஸ் சம்பாதித்த அத்தனையையும் கரைத்திருந்தார்கள், மேலே கடன் வேறு. போதாததற்கு டோரிஸுக்குத் தெரியாமலே ஒரு டிவி தொடருக்கு ஒப்பந்தமும் போட்டிருந்தார் மெல்ச்சர். அதில் 5 வருஷம் நடித்துக் கொடுத்தார் டோரிஸ். வக்கீல் மேல் வழக்குப் போட்டு 1974இல் ஜெயித்தார், தீர்ப்புத் தொகை 2 கோடி டாலருக்கு மேல், கைக்கு வந்தது அதில் ஒரு பகுதிதான். இவரா நடப்பது நடக்கட்டும் என்று இருந்தவர்?

அதற்கு முன்னாலும்தான் என்ன சுகம்? நடனக்காரியாகப் போகவேண்டிய பெண். 15 வயதில் அவர் போன கார் ரயிலில் மோதி வலது கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்து ரேடியோவில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கேட்டு, கூடவே பாடிப் பாடி வந்த குரல் அது. முதல் கணவர் கர்ப்பிணி என்றும் பார்க்காமல் அடித்தார். 1945இல் ‘சென்டிமென்டல் ஜர்னி’ போர்முனையிலிருந்து வீடு திரும்பும் வீரர்களின் பாட்டாக ஆனபோது, பாடியவருக்குக் கையில் 3 வயதுப் பையன்.

அப்புறம் அந்தக் ‘கே சரா சரா’ பாட்டு. பாட்டு வரும் படத்தைப் பார்க்காமல் எப்படி மாலதி தீர்ப்புச் சொன்னீர்கள்? ஹிட்ச்காக்கின் 1956 படம், ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’. பாட்டு அதில் இரண்டு தடவை வருகிறது. முதலில் மகனைத் தூங்கவைக்கும்போது. அடுத்தது லண்டனில், கடத்தப்பட்ட அந்தப் பிள்ளையை ஒரு தூதரகத்தின் மாடியில் அடைத்து வைத்திருக்கும்போது. கீழே விருந்தாளிகள் முன்னால் பியானோவில் உட்கார்ந்து, இருக்கிறவர்கள் திகைக்குமளவு குரலை உயர்த்திப் பாடுகிறாள் தாய், மாடிவரை கேட்கவேண்டுமே. வார்த்தை ‘நடப்பது நடக்கும்’ என்கிறது. பாடுகிறவளோ நடக்கவிருப்பதைத் தடுக்கத்தான் பாடுகிறாள். மாடியிலிருந்து பையன் விசிலில் அதே மெட்டைத் திருப்பித் தருகிறான். அதைத் தத்துவப் பாட்டு என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்! அது தத்துவம் இல்லை, தேடல். இந்தப் பாட்டைக் குழந்தைப் பாட்டு என்று முதலில் பாடவே தயங்கினாராம் டோரிஸ். அதையே இப்படிப் பாடியிருக்கிறார்.

அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். விசில் வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள். பையனின் விசில் கேட்டுவிட்டது, ஆனாலும் பாட்டை நிறுத்தக்கூடாது, அவர் நிறுத்துவதில்லை.