சிறிய மோட்டார்ஹோம்: தரை இடைவெளியும் இழுவைத் திறனும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமின் (வீடுபோல் அமைத்த வேன்) கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரை இடைவெளி, 17 செ.மீ. என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அதே கிளியரன்ஸ் உள்ள கார்கள் சுலபமாக ஏறிப்போகும் சரிவில் எங்கள் வண்டியின் பின்பக்கம் தரையில் உரசுகிறது. கையேட்டில் உள்ள அளவு தவறா?

பதில்: அளவு சரியாகவே இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு ஆக்சில்களுக்கு (சக்கர அச்சுகளுக்கு) நடுவில் உள்ள தாழ்வான இடத்தின் உயரம். உங்கள் வண்டி உரசுவது பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில். மோட்டார்ஹோமில் கட்டிலும் சாமான் அறையும் அங்கேதான் வருவதால் இந்த வால் காரைவிட மிக நீளம். வண்டி வாங்கும்போது முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 3.8 மீட்டர், பின் ஆக்சில் மையத்திலிருந்து பம்பர் முனை வரை 2.2 மீட்டர், பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதச் சரிவில் ஏறத் தொடங்கும்போது, பின்சக்கரம் சரிவின் அடியில் நிற்கும் நொடியில் வண்டி முழுவதும் சாய்ந்திருக்கும். பம்பர் முனை 2.2 மீட்டருக்கு 15 சதவீதம், அதாவது 33 செ.மீ. கீழே இறங்கிவிடும். மிச்சம் 3 செ.மீ. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் அதுவும் போய்விடும். சரிவிலிருந்து சமதளத்துக்கு இறங்கும்போதும் இதே கதிதான். அப்போது வால் தாழாது, பின்னால் இருக்கும் சரிவு அதை நோக்கி உயர்ந்து வரும்.

மேட்டு உச்சியைக் கடக்கும்போது மட்டும்தான் கையேட்டின் 17 செ.மீ. கணக்கில் வருகிறது. அந்தத் தாழ்வான இடம் வீல்பேஸின் நடுவில் இருந்தால், ஏறும் சரிவுக்கும் இறங்கும் சரிவுக்கும் உள்ள கோண வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டியதும் வயிறு தட்டும்.

அளக்கும் முறை: தண்ணீர்த் தொட்டி, டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில், டயரில் சரியான காற்றோடு, சமதளத்தில் நிறுத்துங்கள். கீழே குனிந்து பார்த்து ஒவ்வொரு தாழ்வான பொருளுக்கும் இரண்டு அளவு எடுங்கள்: தரையிலிருந்து உயரம், பக்கத்து ஆக்சில் மையத்திலிருந்து தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால், பின் ஆக்சிலுக்குப் பின்னால் உள்ள பொருள் தாங்கும் சரிவு சதவீதத்தில் கிடைக்கும். மேலே சொன்ன வண்டிக்கு 36-ஐ 220-ஆல் வகுத்தால் 16 சதவீதம். மூன்றில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காகக் கழித்துவிட்டு மீதியையே நம்புங்கள். காலி வண்டியில் எடுத்த அளவால் பயனில்லை. பின்பகுதி எடையில் அமுங்குவதே பல சென்டிமீட்டர் இருக்கும்.

கேள்வி: கட்டாயமாக அப்படிப்பட்ட சரிவில் ஏறியே ஆக வேண்டும் என்றால்?

பதில்: இரண்டு வழி. ஒன்று, நேராக ஏறாமல் குறுக்காக ஏறுவது. 45 டிகிரி கோணத்தில் போனால் 15 சதவீதச் சரிவு வண்டியின் நீளவாக்கில் பத்தரை சதவீதமாகிவிடும். அதற்கு அகலம் வேண்டும், வண்டி பக்கவாட்டில் ஆடும், ஆகவே நடை வேகத்துக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, சரிவின் அடியில் பின்சக்கரம் மிதிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் 5 செ.மீ. பலகை போடுவது. முன்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, பின்சக்கரம் 5 செ.மீ. எழும்பினால் வால் முனை ஏறக்குறைய 8 செ.மீ. எழும்பும். நீண்ட வால் இங்கே மட்டும்தான் நமக்கு உதவுகிறது. பலகை ஒரு மீட்டருக்குக் குறையாத நீளமும், முனையில் சீவிய சரிவும் உள்ளதாக இருக்கட்டும். குட்டையான கட்டை சக்கரத்தில் பட்டுப் பின்னால் தெறிக்கும். வெளியே ஒருவர் நின்று பம்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

கேள்வி: கழிவுநீர்த் தொட்டியின் வால்வு கல்லில் பட்டு உடைந்துவிட்டது. தகடு அடித்து மூடலாமா?

பதில்: மூடலாம். 3 மி.மீ. அலுமினியத் தகட்டை சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) போல்ட் போட்டு மாட்டுங்கள். தொட்டியிலோ அதன் பட்டையிலோ மாட்டினால் அடுத்த கல் தொட்டியையே பிய்க்கும். தண்ணீரும் சேறும் வடியத் துளைகள் விடுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி மூட வேண்டாம், சூடு தங்கும். தகட்டின் கனமும் அதற்கான இடைவெளியும் சேர்ந்து கிளியரன்ஸில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையும். இடம் இருந்தால் வால்வைப் பக்கவாட்டுக்கோ பின்சக்கரத்துக்கு அருகிலோ மாற்றுவதே நல்லது. ஆக்சிலுக்கு அருகில் உள்ள பொருள் எந்தச் சரிவிலும் அதிகம் தாழாது.

கேள்வி: வண்டியை உயர்த்த ஏர் பெல்லோஸ் போடுவதா, பெரிய டயர் போடுவதா?

பதில்: முதலில் ஏர் பெல்லோஸ். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கும் இந்தக் காற்றுப் பைகள் எடையில் அமுங்கிய உயரத்தைத் திருப்பித் தரும். வால்தான் உரசுகிறது என்றால் தேவையான இடத்தில் தேவையான உயரம் கிடைத்துவிடுகிறது. மூன்று எச்சரிக்கை. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்றுக்குக் கீழே ஓட்டாதீர்கள், ரப்பர் மடிந்து கிழியும். சில பழைய வேன்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு நெம்புகோலோடு பிரேக் வால்வு இருக்கும். வண்டி உயர்ந்தால் ‘சுமை இல்லை’ என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைத் திருத்தி அமைக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. மூன்றாவது, பெல்லோஸ் போட்டதால் மட்டும் ஆக்சிலின் எடை வரம்பு கூடிவிடாது. வண்டியின் எடை வரம்புத் தகட்டில் பொறித்த எண் அப்படியேதான் இருக்கும்.

டயர் விஷயம் வேறு. 225/75 ஆர்16-க்குப் பதில் 245/75 ஆர்16 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடும். கிளியரன்ஸில் கிடைப்பது அதில் பாதி, 15 மி.மீ. இதற்காக ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 4 சதவீதம் குறையக் காட்டத் தொடங்கும், சக்கரத்தில் இழுவிசையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். டிரெய்லர் இழுக்கும் எண்ணம் இருந்தால் இது நஷ்ட பேரம்.

கேள்வி: எங்கள் வண்டிக்கு இழுவைத் திறன் 2,000 கிலோ. சாமானோடு 1,500 கிலோ வரும் டிரெய்லரை இழுக்க என்ன தடை? கடைக்காரர் “தாராளமாக” என்கிறார்.

பதில்: 2,000 என்பது ஒரு வரம்பு மட்டும். இன்னும் மூன்று இருக்கின்றன: வண்டியின் மொத்த எடை வரம்பு, ஒவ்வோர் ஆக்சிலின் வரம்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு. நான்கிலும் தேற வேண்டும். கடையில் யாரும் எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டியின் வரம்பு 3,500 கிலோ, கூட்டு வரம்பு 5,000, பின் ஆக்சில் வரம்பு 2,000. பயணத்துக்குத் தயாரான வண்டி மேடையில் 3,400 காட்டுகிறது: முன்னால் 1,510, பின்னால் 1,890. டிரெய்லர் 1,500, கூட்டினால் 4,900. தேறிவிட்டது. டிரெய்லரின் மூக்கு இணைப்புப் பந்தின் மேல் 90 கிலோ அழுத்துகிறது. அது வண்டியின் எடையில் சேரும்: 3,490. அதுவும் தேறிவிட்டது.

இனி ஆக்சில். பந்து பின் ஆக்சிலுக்கு 2.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ் 3.8. சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவதுபோல, இந்த 90 கிலோ முன் ஆக்சிலைத் தூக்கிவிடும். பின் ஆக்சிலில் கூடும் எடை: 90 பெருக்கல் 5.9 வகுத்தல் 3.8, ஏறக்குறைய 140 கிலோ. முன் ஆக்சிலில் 50 கிலோ குறையும். பின் ஆக்சில் இப்போது 2,030. வரம்பை 30 கிலோ தாண்டியாயிற்று. மற்ற மூன்று கணக்கிலும் தேறிய வண்டி இதில் தோற்கிறது. வால் நீளமான சிறிய மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

சரிசெய்ய வழி உண்டு. பின்சுவரில் இரண்டு மின் சைக்கிளும் அவற்றின் தாங்கியும் சேர்ந்து 65 கிலோ தொங்குகிறது என்றால், அதன் மையம் ஆக்சிலுக்கு 2.4 மீட்டர் பின்னால் இருக்கும்போது, அது மட்டுமே பின் ஆக்சிலில் 106 கிலோ. கழற்றி டிரெய்லரின் ஆக்சிலுக்கு மேலே வையுங்கள், அங்கே வைத்தால் மூக்கு எடை கூடாது. பின் ஆக்சில் 1,924-க்கு வந்துவிடும். கூட்டு எடை மாறாது. டிரெய்லருக்கு 1,565 கிலோ தாங்க அனுமதி உண்டா என்பதை மட்டும் அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கு எடையைக் குறைத்தே தீர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூக்கு லேசான டிரெய்லர் வேகத்தில் பாம்புபோல் ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஒடித்து ஈடுகட்டப் பார்த்தால் ஆட்டம் பெருகும்.

கேள்வி: முன்சக்கர இயக்கம் உள்ள வண்டி. டிரெய்லரோடு ஈரமான ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பவில்லை, சக்கரம் வழுக்குகிறது. கிளட்ச் கோளாறா?

பதில்: கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் சக்கரம் சுழலாது. குறை பிடிப்பில். மேலே சொன்ன 4,900 கிலோ கூட்டு 15 சதவீத ஏற்றத்தில் நகர, ஏற்றத்துக்கு 735, உருளும் தடைக்கு இன்னொரு 75, மொத்தம் ஏறக்குறைய 810 கிலோ இழுவிசை வேண்டும். முன் ஆக்சிலில் 1,460 கிலோ இருக்கிறது. மோசமான ஈரத் தாரில் பிடிப்பு எடையில் பாதி என்று வைத்தால் 730-தான் கிடைக்கும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் அதுவும் குறையும். எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் பயனில்லை.

ஐரோப்பிய விதிகளில் இழுவைத் திறனைச் சோதிப்பது 12 சதவீத ஏற்றத்தில்: 5 நிமிடத்துக்குள் 5 முறை நின்று கிளம்ப வேண்டும். அதற்கு மேல் சரிவான இடத்துக்குக் கையேட்டு எண் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கனமான சாமானை முன் இருக்கைக்கு அருகே மாற்றுங்கள், டயரில் பாதி தேய்மானத்துக்கு மேல் போகவிடாதீர்கள், ஏற்றத்தில் நிற்க நேரும் வழிகளைத் தவிர்த்துவிடுங்கள். புல்தரையில் இரவு தங்கினால் முன்சக்கரம் வெளியேறும் திசையைப் பார்த்தபடி, இறக்கத்தை நோக்கி நிறுத்துங்கள்.

மலைப் பயணத்துக்கு இன்னொன்று: உயரம் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் கூட்டு எடையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்லிப் பல கையேடுகள் அறிவுறுத்துகின்றன. காற்று மெலிந்து எஞ்சின் பலம் குறைவதே காரணம்.

கேள்வி: டோபார் (இணைப்புப் பந்தைத் தாங்கும் சட்டம்) மாட்ட வந்த மெக்கானிக், பின்னால் உள்ள சட்டம் தாங்காது என்கிறார். சேசிஸ்தானே அதுவும்?

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள். பல மோட்டார்ஹோம்களில் வேன் தயாரிப்பாளரின் சேசிஸ் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலேயே முடிந்துவிடும். வீட்டைக் கட்டியவர்கள் வாலைத் தாங்க மெல்லிய நீட்டிப்புச் சட்டம் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அது தரையையும் சாமானையும் தாங்கத்தான். டோபாரின் கைகள் மூலச் சேசிஸ் வரை நீண்டு அங்கே பொருந்த வேண்டும். கூட்டில் பலவீனமான உறுப்பின் எண்தான் உங்கள் வண்டியின் எண். சேசிஸ் 2,000 இழுக்கும், நீட்டிப்பு 1,000 தாங்கும் என்றால் 1,000-தான். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபாருங்கள்.

பந்து கழற்றக்கூடிய வகையாக இருக்கட்டும். நிலையான பந்து வாலின் கடைசி முனையில், பம்பருக்கும் கீழே தொங்கி, முதல் கேள்வியில் பார்த்த சரிவுக் கணக்கை இன்னும் மோசமாக்கும்.

கேள்வி: 1980களில் டொயோட்டா பிக்கப் சேசிஸில் கட்டிய சிறிய மோட்டார்ஹோம் விலைக்கு வருகிறது. பின்னால் இரட்டை டயர் இருப்பதால் நன்றாக இழுக்கும் என்கிறார்கள்.

பதில்: டயரை விட்டுவிட்டு நட்டை எண்ணுங்கள். பின்சக்கரத்தில் 5 நட் இருந்தால் அது பிக்கப்பின் பழைய ஆக்சில். அதில் சுழலும் தண்டே வண்டியின் எடையையும் சுமக்கிறது. தண்டு ஒடிந்தால் சக்கரமும் கழன்று போய்விடும். அருகருகே இரண்டு டயர் போட்டதால் ஆக்சிலின் பலம் கூடவில்லை. 6 நட் உள்ள பிந்தைய கனரக ஆக்சிலில் எடையைக் குழாய்க் கூடும் பேரிங்கும் தாங்கும், தண்டு சுழற்ற மட்டுமே. சக்கர மையம் வெளியே துருத்திக்கொண்டு, தண்டின் தட்டை இறுக்கும் போல்ட்கள் அங்கே தெரியும். 5 நட் என்றால் ஆக்சிலை மாற்றும் வரை வீட்டைச் சுமக்கவே அது போதாது, டிரெய்லர் பேச்சுக்கே இடமில்லை. 6 நட் ஆனாலும் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு வீடே பெரும் சுமை.

கேள்வி: சிறிய காரை நான்கு சக்கரமும் தரையில் உருள, கம்பியால் பின்னால் இழுத்துப் போகலாமா?

பதில்: காரின் கையேடு அனுமதித்தால் மட்டும். பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் சுழலும், உருட்டிக்கொண்டு போனால் உள்ளே உலர்ந்து எரிந்துவிடும். சில நாடுகளில் இப்படி இழுப்பதற்கே அனுமதியில்லை. அனுமதி உள்ள இடத்திலும் இழுக்கும் கம்பி ஏறக்குறைய மட்டமாக, இரு முனைக்கும் 10 செ.மீ.க்கு மேல் உயர வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். காரில் தனி பிரேக் கருவி வையுங்கள், ஒரு டன் கார் பின்னாலிருந்து தள்ளும்போது மோட்டார்ஹோமின் பிரேக் மட்டும் போதாது. ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் கையால் அசைத்துப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கவே முடியாது: காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக ஒடிந்து கம்பியை முறுக்கிவிடும். தவறான சந்தில் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.